பைன் மரத்தின் முதல் கிளை

பைன் மரத்தில் யாரோ ஊசி இலைகளைப் பிடுங்குகிறார்கள். ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மருமகளுக்கு அது கண்ணில் பட்டது. தொட்டியில் வைத்த, முழங்கை உயரம்கூட இல்லாத சின்ன மரம். அதில் ஒரு பக்கத்துக் கிளை மட்டும், நடுவயது ஆணின் தலையைப் போல, கமுக்கமாக வழுக்கை விழுந்துகொண்டு வந்தது. அவள் மெழுகுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, முகமூடியைத் தாடைக்கு இறக்கி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தாள். முந்தின வாரம் வரை அடர்த்தியாக இருந்த கிளை. இப்போது அதன் வழியாக ஒரு காலி நாற்காலியும் எதிர் வீட்டு மொட்டைமாடியும் தெரிந்தன.

வேறு யாராக இருந்தாலும் "அடக் கஷ்டமே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவளால் முடியாது. லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் படியேறிப் போவார்கள், இவள் ரிப்பேர்காரர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "இந்த ஒயர் எங்க போகுது?" என்று அவர் உயிரை எடுப்பாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு வீட்டிலேயே பல் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். அதிலும் இந்த ஆளுக்கு ஏன் வலது பக்கம் மட்டும் பல் தேய்ந்திருக்கிறது என்று போன் போட்டுக் கேட்பாள். டாக்டர்கள் அவளுடைய நம்பரைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவது வழக்கம்.

வீட்டின் பின்னறை அவளுடைய பட்டறை. ஜன்னலை ஒட்டி வேலை மேஜை, அதன் மேல் அரைக்கும் மோட்டார், மெழுகு விளக்கு, சிரிக்காத வாய்களின் வரிசை. ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய ஒடுக்கமான பால்கனி. ஜன்னலின் வெளி விளிம்பில் பைன். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியில் மாமனார்.

அந்த வீட்டில் வெயில் முழுதாக விழும் இடம் அந்த விளிம்பு ஒன்றுதான். பைனுக்கு வெயில் இல்லாவிட்டால் ஆகாது. மாமனாருக்குக் காற்று இல்லாவிட்டால் ஆகாது. பட்டறைக்குள் உட்கார்ந்தால் பல் தூளில் இருமல் வந்துவிடும். ஆகவே காலை முதல் மாலை வரை இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் மாமனார், நடுவில் மரம். மனைவி போன பிறகு மாமனார் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து இந்த ஏற்பாடுதான். வாழ்நாள் முழுக்க நெடுந்தூர பஸ் ஓட்டியவர். அவள் மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் ஏதாவது கேட்பாள், அவர் பதில் சொல்லுவார்.

"மாமா, பஸ் ஓட்டும்போது தூக்கம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கண்டக்டர்கிட்ட சண்ட போடுவேன்."

"அவர் சண்டைக்கு வரலன்னா?"

"பாதி சில்லறை எங்கன்னு கேப்பேன். தானா வந்துருவான்."

முன்பெல்லாம் "ஆமாம்மா", "சரிம்மா" என்று இரண்டே வார்த்தையில் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். சமீபமாகத்தான் இப்படி வாய் திறக்க ஆரம்பித்திருந்தார். கூச்சம் போய்விட்டது போலும் என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

மரத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். விரல் நீளக் கன்றாக வாங்கி, ஏழு வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்தது. கோடையில் மெழுகுவத்தி போல எழும்பும் குருத்துகளைக் கிள்ளுவாள், நீர் ஊற்றுவாள், அவ்வளவுதான். இன்னும் உருவம் கொடுக்கவில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது, கம்பி சுற்றி எந்தப் பக்கம் வளைப்பது, இதெல்லாம் குளிர் விட்டதும் நடக்க வேண்டிய காரியம். தொட்டியில் குட்டை மரம் வளர்ப்பவர்களுக்கென்று அவள் சேர்ந்திருந்த போன்சாய் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இளம் மரத்துக்கு முதல் வெட்டு சங்கத்தில் நடக்காது. மரம் எங்கே வாழுமோ அந்த வீட்டில்தான் நடக்கும். சங்கத் தலைவி தன்னுடைய ரம்பத்தை எடுத்துக்கொண்டு நேரில் வருவார். அவரை எல்லோரும் கத்தரி அக்கா என்பார்கள். கையில் இருப்பதைவிட வாயில் இருப்பது கூர்மை.

போன்சாய்க்காரர்களுக்கு உயிர்நாடி முதல் கிளை. கீழிருந்து எண்ணினால் முதலில் வரும் பெரிய கிளை. அது எவ்வளவு தடிமனாக, எவ்வளவு தாழ்வாக நீண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் குட்டி மரம் மலைமேல் நிற்கும் கிழட்டு மரம் போலத் தோன்றும். மற்ற கிளைகளெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம். இவளுடைய பைனுக்கு வாய்த்த முதல் கிளையைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு, யாரையும் லேசில் பாராட்டாத கத்தரி அக்காவே "அதை மட்டும் எவனும் தொடாம பாத்துக்கோ" என்றிருந்தார். பைனில் இன்னொரு வம்பும் இருக்கிறது. மற்ற மரங்கள் மொட்டையடித்தாலும் துளிர்க்கும், பைன் துளிர்க்காது. ஊசி முழுக்கப் போன கிளை செத்த கிளைதான்.

இப்போது வழுக்கை விழுந்திருந்தது முதல் கிளையில் இல்லை, அதற்குச் சற்றுப் பக்கத்தில், கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருந்த வேறொன்றில். ஆனால் இன்று இது என்றால் நாளை அது.

முதலில் அணில் என்று நினைத்தாள். பிறகு குருவி கூட்டுக்குக் கொண்டுபோகிறதோ என்று பார்த்தாள். பூச்சியோ என்று பூதக்கண்ணாடியை வைத்து, பல்லில் வெடிப்புத் தேடுவது போல ஒவ்வொரு கணுவாகத் தேடினாள். கடைசியில் தொட்டிக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்தாள். மறுநாள் தாளில் சில ஊசிகள் கிடந்தன. பைன் ஊசிகள் ஜோடி ஜோடியாக, அடியில் ஒரு சின்ன உறையோடு முளைக்கும். கிடந்தவை எல்லாம் ஜோடி கலையாமல், உறையோடு, சுத்தமாகப் பிடுங்கப்பட்டிருந்தன. கடித்த தடம் கிடையாது. இது விரல் வேலை, அதுவும் பொறுமையான விரல்.

அன்று சாயங்காலம் கணவனைப் பிடித்தாள்.

"நீங்கதான புடுங்கினீங்க?"

"எத?"

"மரத்து ஊசிய."

"என் தலையில இருக்கறத காப்பாத்தவே எனக்கு வழி தெரியல. உன் மரத்து முடிய நான் எதுக்குப் புடுங்கறேன்?"

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"அப்பா இருக்கார். கேளு. ஆனா ஒன்ன நாலு தடவ கேக்கணும், அதுக்குத் தயாரா இரு." அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்ல? வாசல் வரைக்கும் வந்துட்டு, எனக்கு ஒன்னும் இல்ல, உனக்குத்தான் வாயத் தொறந்து பேசத் தெரியலன்னு திரும்பிட்டார். மனுசன் மானத்த வாங்கிட்டார்."

"எங்கிட்ட நல்லாத்தான பேசறார்."

"உங்கிட்ட பேசுவார். எங்கிட்ட மட்டும்தான் செவிடு."

மாமனாரைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மரத்தைத் தாண்டிப் போகும்போது வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, மரியாதைப்பட்டவரைத் தாண்டுவது போல ஒதுங்கிப் போகிறவர். அவரைப் போய்த் திருடனைக் கேட்பது போலக் கேட்பதா? அந்தச் சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துப்புத் துலக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைப்பாள். எல்லாப் பக்கமும் வெயில் படாவிட்டால் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதால் போன்சாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. அந்த ஞாயிறும் திருப்பினாள். வழுக்கைக் கிளை ஓரமாகப் போய், முழுசாக இருந்த வேறு கிளை நேராக வந்தது. வாரக் கடைசியில் பார்த்தால், பழைய வழுக்கை அப்படியே இருக்க, நேராக வந்த புதுக் கிளையில் ஓட்டை. அடுத்த ஞாயிறு மறுபடி திருப்பினாள். அங்கே கிளை இல்லை, ஒரு சின்னக் கொப்புதான். அதிலும் நாலைந்து ஊசி குறைந்திருந்தது.

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் ஆர்வம்தான் வந்தது. ஊசி போன இடங்களிலெல்லாம் சிவப்பு நூல் கட்டினாள். கட்டி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். எல்லா நூலும் ஒரே உயரத்தில், மரத்தைச் சுற்றி ஓர் அரைஞாண் கயிறு போல இருந்தன. பூச்சிக்கு உயரம் தெரியுமா? பூச்சியாக இருந்தால் ஆரம்பித்த கிளையிலேயே தொடர்ந்து தின்றிருக்கும். மரத்தைத் திருப்பினால் அதுவும் மரத்தோடு திரும்பியிருக்கும். இதுவோ திரும்பவில்லை. மரம்தான் அதன் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டை மரத்தில் இல்லை, அந்த இடத்தில் இருக்கிறது. எந்தக் கிளை வந்து அந்த இடத்தை அடைத்தாலும் அதில் ஊசி போகிறது.

அப்படியானால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது?

அவள் தன்னுடைய முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஓட்டை சரியாக அவளுடைய முகத்துக்கு நேரே இருந்தது. குனிந்து அதன் வழியாகப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் இரண்டு கண்கள் இருந்தன. மாமனார் நாற்காலியில் சாய்ந்து, பொறுமையாக, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே பார்த்தார்.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாக முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டு, மோட்டார் நின்றிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, உரக்கச் சொன்னாள்.

"மாமா, அடுப்பங்கரை தீப்பிடிச்சிருச்சு!"

மாமனார் அன்பாகச் சிரித்து, "ம்ம்" என்று தலையாட்டினார்.

அவள் முகமூடியை இறக்கினாள். இந்தத் தடவை தொண்டையிலிருந்து சத்தமே எழுப்பாமல், வெறும் உதட்டை மட்டும் அசைத்தாள். மாமா, டீ வேணுமா?

"வேணாம்மா," என்றார் அவர். "இப்பதான் குடிச்சேன்."

நாள் முழுக்க வாய்களோடு குடித்தனம் நடத்துகிறவள். எந்தப் பல் எந்த எழுத்தைச் சரியாகச் சொல்ல வைக்கும் என்று தெரிந்தவள். தன்னுடைய வாயை ஒருவர் இவ்வளவு காலமாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியாமல் இருந்திருக்கிறாள். இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆயுசைக் கழித்த மனிதருக்குக் காது எப்படி மிச்சமிருக்கும்? மகன் சொல்வது கேட்காமல் திரும்பக் கேட்டால் அவன் சலித்துக்கொள்கிறான். ஆகவே அவனிடம் கேட்பதை விட்டுவிட்டார். டாக்டரிடம் போனால் அது ஊரறிந்த விஷயமாகிவிடும் என்று வாசலிலேயே திரும்பிவிட்டார். மிச்சமிருந்தது ஜன்னல் வழியாக இவள் கேட்கும் தொணதொணப்புக் கேள்விகள் மட்டும். மரம் வளர்ந்து அதையும் மறைக்க ஆரம்பித்ததும், ஊசி ஊசியாகப் பிடுங்கி வழி செய்துகொண்டிருக்கிறார்.

வெட்கமாக இருந்தது அவளுக்கு. எத்தனை தடவை முகமூடியைக் கழற்றாமலே பேசியிருப்பாள்! பின்னாலேயே கோபமும் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன? ஏழு வருஷத்து மரத்தில் இரண்டு கிளையைக் காலி செய்துவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை போல உட்கார்ந்திருக்கிறாரே! இரண்டும் சேர்ந்து வந்ததில் அன்று அவள் ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டாள்.

வரப்போகும் ஞாயிறுதான் இப்போது பிரச்சினை. அடுத்த கால் வட்டம் திருப்பினால் அந்த இடத்துக்கு வரப்போவது முதல் கிளை. திருப்பாமல் விட்டுவிடலாம். இல்லையென்றால் மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசிவிடலாம். புத்தியுள்ளவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்திருப்பார்கள். இவளுக்கோ ஒரு குறுகுறுப்பு: அந்தக் கிளை வந்தால் அவர் என்ன செய்வார்? அது முதல் கிளை, அதைத் தொடக்கூடாது என்று அவளே எத்தனையோ தடவை இந்த ஜன்னல் வழியாகப் புலம்பியிருக்கிறாள். அதை அவர் பார்த்தாரா, பார்த்திருந்தால் மதிப்பாரா? கேட்பது நியாயமில்லாத கேள்வி என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்துதான் திருப்பினாள்.

திங்கட்கிழமை காலை மாமனார் வந்து உட்கார்ந்தார். முதல் கிளையின் அடர்த்தியான ஊசிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றன. அவள் முகமூடியைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு பல்லை அரைக்கிற பாவனையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் முன்னால் சாய்ந்தார். இலைகளுக்கிடையே அவருடைய விரல்கள் வந்தன. ஒரு ஜோடி ஊசியின் அடியைப் பிடித்தன.

விரல்கள் அப்படியே நின்றன. பிறகு, சூடுபட்டதுபோல, பின்வாங்கின. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, கிளையைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் அதைத் தொடவில்லை. நாற்காலியை இடது பக்கம் நகர்த்திப் பார்த்தார், துணி காயும் கொடி இடித்தது. வலது பக்கம் நகர்த்தினார், ஏ.சி.யின் வெளிப்பெட்டி அனல் முகத்தில் அடித்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாயங்காலம் பிடரியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார். அவளும் தன் பங்குக்கு முயன்றாள். தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினால் முகத்துக்கு நேரே தொட்டி வந்தது. விளிம்புக்குக் கீழே இறக்கினால் மரத்துக்கு வெயில் இல்லை. எழுந்து எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பேசினாள். பல் காத்திருந்தது, டாக்டர்கள் காத்திருந்தார்கள், எத்தனை தடவை எழுந்துபோக முடியும்?

வியாழக்கிழமைக்குள் அவர் பேச்சு "ஆமாம்மா"வுக்குத் திரும்பிவிட்டது. அவள் எது கேட்டாலும் இலைகளுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, ஒரு "சரிம்மா". வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை. அவர் நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கேள்வி கேட்க ஆள் இருந்தும் கேட்க முடியாத நாட்கள் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கத்தரி அக்கா மறுநாள் வந்தார். குட்டையான உருவம், பெரிய தோல் பை, வரும்போதே குரல்.

"எங்க உன் செல்லம்? மேஜைய காலி பண்ணு. இந்தப் பல்லையெல்லாம் தூக்கு மொதல்ல, என்னப் பாத்து இளிக்குது."

மரத்தை உள்ளே எடுத்து மேஜைமேல் சுழல்பலகையில் வைத்தார்கள். விளிம்பு காலியாயிற்று. அவள் போய் மாமனாரின் தோளைத் தொட்டு, "வேடிக்கை பாருங்க மாமா" என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். அவர் இரண்டு முழங்கைகளையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, முதல் வரிசையில் டிக்கெட் கிடைத்த மனிதரைப் போல உட்கார்ந்தார்.

கத்தரி அக்கா பலகையைச் சுற்றினார். சிவப்பு நூல்களைப் பார்த்து நின்றார்.

"ரெண்டு கிளை செத்துருச்சே. யாரு பண்ண வேலை?"

மருமகள் ஜன்னல் பக்கம் கண்ணைத் திருப்பாமல் சொன்னாள்: "பூச்சி அக்கா."

ஜன்னலில் மாமனார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அந்தப் பொய்யைப் படித்துவிட்டார் என்பது அவளுக்கு உடனே தெரிந்துபோயிற்று.

"நல்ல பூச்சிதான், கணக்கா தின்னிருக்கு," என்றார் கத்தரி அக்கா. "பரவாயில்ல. ராஜா இருக்காரே, அது போதும்." முதல் கிளையை ஒரு விரலால் கீழே அழுத்திப் பார்த்தார். அது விட்டுக்கொடுத்து வளைந்து, விட்டதும் மெல்ல மேலே வந்தது. "பாத்தியா? கம்பி சுத்தி இத இப்படித் தாழ்த்தறோம். செத்த ரெண்டையும் எடுத்துடறோம். இது படர்ந்து அந்த எடத்த மூடிக்கும். நம்ம சங்கத்துல இதுக்குப் பக்கத்துல நிக்க ஒரு மரம் கிடையாது. சரி, முன்பக்கம் எது? எந்தப் பக்கத்துலேர்ந்து பாக்கப்போற?"

இதுதான் போன்சாயில் முதல் கேள்வி. மரத்துக்கு ஒரு முகம் உண்டு, அதை முடிவு செய்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். ஏழு வருஷமாக அவளுக்குப் பதில் கிடைக்காத கேள்வியும் இதுதான்.

"ரெண்டு பக்கமும் ஆள் இருக்கோம் அக்கா," என்றாள் அவள். "முன்பக்கம்னு ஒன்னு வேணாம். முதல் கிளைய எடுத்துடலாம்."

"என்னது?"

"அடியிலேர்ந்து வெறும் தண்டு. உச்சியில மட்டும் பச்சை. அப்படியும் பைன் வளக்கறாங்கல்ல?"

"வளக்கறாங்க. வேற வழியில்லாத மரத்த வளக்கறாங்க! கை கால் எல்லாம் நல்லா இருக்கற கொழந்தைய யாராவது..." கத்தரி அக்கா பையை மூடிவிட்டுத் திறந்தார். "ஏன்? அத சொல்லு. ஏன்?"

உலகத்தில் எதற்கும் ஏன் கேட்பவள் வாயை மூடிக்கொண்டு நின்றாள். காரணம் இரண்டடி தூரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எப்படி இவரிடம் சொல்வது? சொன்னால் நாளைக்குச் சங்கம் முழுக்கத் தெரியும்.

"அது மொத கிளைம்மா," என்றது ஜன்னலிலிருந்து ஒரு குரல். மாமனார் எழுந்து நின்றிருந்தார். காது கேட்காதவர்களுக்கு வரும் அளவு மீறிய சத்தம், அறை அதிர்ந்தது. "அதத் தொடக்கூடாது! அது மேலதான் மரமே நிக்குது. ஏழு வருசமா நீ அதுக்குத்தான காத்திருக்க? ஒரு வாட்டி வெட்டினா பைன்ல திரும்பி வராதும்மா!"

"பாரு, பெரியவருக்கே தெரியுது," என்றார் கத்தரி அக்கா. "அவர்கிட்ட கேட்டுக்கோ."

பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று மருமகள் நினைத்திருந்தாள். அவர் ஒன்றையும் விடவில்லை. அவள் தனக்குத்தானே முணுமுணுத்தது உட்பட எல்லாம் அவரிடம் இருந்தது.

கத்தரி அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள். முகமூடியை முழுக்கக் கழற்றி மேஜையில் வைத்தாள். சத்தமில்லாமல், உதட்டை மட்டும் அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

எனக்குத் தெரியும் மாமா. நீங்க என் வாயப் பாத்துதான் பேசறீங்க.

மாமனாரின் முகம் சட்டென்று வெளுத்தது. விளிம்பைப் பிடித்திருந்த கை இறுகியது. கத்தரி அக்காவை ஒரு தடவை பார்த்தார். அவர் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லையே.

இந்த வாரம் நீங்க எங்கூட பேசல, என்றாள் அவள், அதே போலச் சத்தமில்லாமல். எனக்குப் பிடிக்கல. கிளை வேணாம். நீங்க சொல்லுங்க. வெட்டவா?

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் கிளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கிளையைப் பார்த்தார். மகனிடம் மறைத்து, டாக்டரிடம் மறைத்து, தன்னிடமே மறைத்துக் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றை அந்த மனிதர் இப்போது ஒரே வார்த்தையில் கொடுத்துவிட வேண்டியிருந்தது. கண் கலங்கியது. துடைக்கவில்லை.

பிறகு அவருடைய உதடு அசைந்தது. அவரும் சத்தமே எழுப்பவில்லை.

மருமகளுக்குப் புரியவில்லை.

"என்ன மாமா?"

மறுபடி அசைத்தார். அவள் மேஜைமேல் கையூன்றி முன்னால் சாய்ந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். உதடு விரிந்தது, நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒரு இடத்தைத் தொட்டது. வாயின் உள்ளமைப்பு அத்தனையும் தெரிந்தவளுக்கு ஒரே ஒரு வார்த்தையைப் பிடிக்க முடியவில்லை. இதையா இந்த மனுஷன் காலையிலிருந்து சாயங்காலம் வரை, இலைகளுக்கிடையே, அவள் கேட்ட ஒவ்வொரு அசட்டுக் கேள்விக்கும் செய்துகொண்டிருந்தார்?

"இன்னொரு தடவ," என்றாள் அவள். "புரியல மாமா. மெதுவா சொல்லுங்க."

மாமனார் முகத்தில் அன்று முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, பொறுமையாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னார். இந்தத் தடவை அவள் படித்துவிட்டாள்.

வெட்டும்மா.

அவள் திரும்பி, ரம்பத்துக்காகக் கையை நீட்டினாள்.